ஆட்டுக்குட்டிக்கு முழு டிக்கெட்

“ஆட்டுக்குட்டிக்கு முழு டிக்கெட்டே கிழிங்க தம்பி, அரை டிக்கெட் வேண்டாம்!”

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் புதுப்பட்டிக்குச் சோதனை ஓட்டமாக விட்டிருந்த புது டவுன் பஸ்ஸில், குட்டியை மடியில் வைத்திருந்த அம்மாள் கண்டக்டரிடம் இப்படிச் சொன்னதும் என் காது ஒரு முழம் நீண்டுவிட்டது.

பக்கத்து சீட்டுக்காரி சிரித்தாள். “ஏன் மதினி, ஆடு என்ன மில்லுக்கா வேலைக்குப் போவுது?”

“எம் மவ போறால்லா! டிக்கெட்டு கம்மியா வித்தா சர்க்காரு இந்த பஸ்ஸுக்குப் பணம் ஒதுக்காதாம்ட்டி. நிறுத்திட்டா அவ எதுல வேலைக்குப் போவா? வீட்டுலதான் கெடக்கணும்.”

“அதுக்காக ஆட்டையும் ஆள் கணக்குல சேத்துட்டீகளாக்கும்?”

“நேத்து எங்க வீட்டுக்காரரு ஒரு சோலியும் இல்லாம ரெண்டு தடவை போயிட்டு வந்தாவ. ஆடாவது சந்தையில இருந்து வருது.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியபோது கண்டக்டர் என் தோளைத் தட்டினார்.

“சார், மடவார் வளாகத்துக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க? அது தாண்டி எம்புட்டு நேரமாச்சு!”

“சும்மா இருங்க தம்பி,” என்றார் அந்த அம்மாள். “சாரு திரும்பிப் போவ இன்னொரு டிக்கெட் எடுப்பாவல்லா.”