ஒற்றை ஜன்னல் வெளிச்சம்

முட்டை வரைவது சுலபம் என்று சொல்கிறவர்கள் முட்டையைத் தின்ன மட்டும் தெரிந்தவர்கள், ஐயா. நான் பதினொரு முட்டை வரைந்திருக்கிறேன். முதல் பத்தும் தட்டையாக வந்தன. என் அக்கா புருஷன் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன மாப்ளே, செருப்போட அடிப்பாகமா?" என்று கேட்பார்.

நடந்ததை நடந்தபடி சொல் என்றீர்கள். அப்படியானால் முட்டைக்கும் முன்னால் ஒரு பலகை இருக்கிறது, அதிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் இருபத்திரண்டு வருஷம் கரிச்சூளையில் வெந்தவன். விறகை அடுக்கி, மண்ணைப் பூசி மூடி, காற்றுப் புகாமல் வேகவைத்துக் கரியாக்குகிற வேலை. கனல் ஆறாத கரி, மூடின இடத்தில் ஆளை முடித்துவிடும். அது விடுகிற விஷக்காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. முதலில் தலை வலிக்கும், பிறகு தூக்கம் வரும், பிறகு ஒன்றும் வராது. எங்கள் சூளையில் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று முதலாளி என்னிடம் ஒரு எச்சரிக்கைப் பலகை வரையச் சொன்னார். சூளை வாசலில் ஒருவன் செத்துக் கிடப்பதுபோல் வரைந்து மாட்டினேன். மறுநாள் புதிதாக வந்த மூன்று பேர் மதியம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பலகைக்குக் கீழே வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். ஓய்வெடுக்கிற இடம் என்று நினைத்துவிட்டார்களாம்.

மாமா பஸ் டிரைவர். இந்தக் கதையை ஒரு வருஷம் பஸ்ஸில் ஏறினவர்களுக்கெல்லாம் சொன்னார். "எம் மச்சினன் வரைஞ்ச பொணத்தைப் பார்த்தா எனக்கே கொட்டாவி வருதுங்க" என்பார். நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். சிரிப்பு வீடு வரைக்கும் வரும்.

நெஞ்சில் சளி கட்டி, சூளைப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொன்ன பிறகு, நூலகத்து மாடியில் நடக்கிற ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். டீச்சருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. பலகைப் படத்தைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, இந்த ஆளுக்குக் கீழ நிழலே இல்லையே. அதான் கிடக்கிற மாதிரி இல்லாம மிதக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

அன்றைக்குத்தான் முட்டையைக் கொடுத்தாள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். அது விழுகிற இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். உருவம் வளைந்து திரும்புகிற இடத்தில்தான் கருப்பு. "ஒரே அழுத்துல கருப்பைக் கொண்டுவராதீங்கண்ணே. மெல்ல மெல்ல ஏத்துங்க. அவசரப்பட்டா அழுக்காயிடும்." பதினோராவது முட்டை உருண்டையாக எழுந்து நின்றது. எடுத்துவந்து மாமாவிடம் நீட்டினேன். "அட, இப்ப ஆம்லெட் போடலாம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டு, டீ கிளாஸை அதன் மேல் வைத்தார். கிளாஸின் வட்டம் காகிதத்தில் தங்கிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வருஷக் கடைசியில் நூலகத்துச் சுவரில் எங்கள் படங்களை மாட்டுவார்கள். ஆளுக்கு ஒரு மனிதத் தலை. சரியாக வராவிட்டால் சுவரில் இடம் கிடையாது என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டாள். உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். நான் இருபத்திரண்டு வருஷம் செய்ததெல்லாம் யார் யார் அடுப்பிலோ எரிந்து சாம்பலாகிவிட்டது. சுவரில் ஏறினது ஒன்றுகூட இல்லை.

அந்தச் சமயம் பார்த்து மாமா பஸ் படியில் நின்று எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கும்போது தவறி விழுந்தார். தொடை வரைக்கும் மாவுக்கட்டு, ஆறு வாரம் படுக்கை. இதைவிட நல்ல மாடல் யாருக்குக் கிடைக்கும்? தலைதான் நிற்கவில்லை. மூக்கை வரைந்தால் வாய் பேசும், வாயை வரைந்தால் தலை ஆடும். போதாததற்கு அறையில் இரண்டு ஜன்னல். முதல் படத்தைப் பார்த்த டீச்சர், "ஒரு மூக்குக்கு ரெண்டு நிழலாண்ணே? ஒரு பக்கத்து வெளிச்சத்தை அடைச்சுடுங்க" என்றாள். வீட்டில் மாமா எட்டிப் பார்த்து, "என் மூக்குக்கு ரெட்டைப் புள்ள பொறந்திருக்கு பாரு" என்றார். அக்காவும் சிரித்தாள்.

திங்கட்கிழமை ஒரு ஜன்னலைச் சாத்திச் சாக்குத் தொங்கவிட்டேன். மழை நாள். அக்கா பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனால் ஐந்துக்குத்தான் வருவாள். படம் வரையக் கடையில் விற்கிற கரிக்குச்சி கல் மாதிரி இருக்கும்; அதனால் குச்சிகளை ஒரு டப்பாவில் அடைத்து, மாமா அறையிலேயே கரி அடுப்பில் வைத்து நானே சுட்டுக்கொண்டேன். அவருக்கும் கதகதப்பு. ஒரு மணி நேரத்தில் பேச்சு குறைந்தது. அரை மணி நேரம் தலை தலையணையில் அப்படியே இருந்தது. நெற்றி முழுவதும் முடிந்தது. கண் விழித்தவர், "தலை கனமா இருக்கு மாப்ளே" என்றார். "மழைதான் மாமா" என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வென்டிலேட்டர் வழியாக வந்த வெளிச்சம் கன்னத்து நிழலைக் கெடுத்தது. காகிதம் ஒட்டினேன். புதன்கிழமை கதவுக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம் வந்தது. ஈரச் சாக்கை மடித்துத் திணித்தேன். படம் வரைகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எல்லாம் வெளிச்சத்துக்காகச் செய்ததுதான். செவ்வாய் ஒரு மணி நேரம் தலை நின்றது, புதன் ஒன்றரை. டீச்சர் சொன்னபடி, அவசரமில்லாமல், மெல்ல மெல்ல ஏற்றினேன்.

வியாழக்கிழமை தாடை மட்டும் பாக்கி. அடுப்பைக் கிளறப் போனபோது, "இதைத் தூக்கி வெளிய வையேன்டா, தலை பிளக்குது" என்றார்.

"தாடை மட்டும்தான் மாமா. அசையாம இருங்க."

"நல்லா வரை. உங்கக்கா அதைப் பார்த்துத்தான் மயங்கி விழுந்தா" என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். சிரித்ததில் தலை சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. நாலு நாளாகப் பிடித்துவைத்திருந்த கோணம். தலையை எடுத்துப் பழையபடி வைத்தேன். அடுப்பில் இரண்டு கை கரி கூடப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கையைத் தூக்கி ஆட்டினார். அசையாதீர்கள் என்று நானும் கையால் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அசையவே இல்லை. தாடைக்குக் கீழே கழுத்தில் விழுகிற நிழல் இருக்கிறதே, அது பொறுமையைச் சோதிக்கிற இடம். நாலு மணி வரைக்கும் இழுத்தது. கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது, உடம்பு தேறினவர் மாதிரி. கரிக்குச்சியில் சிவப்பு வராது. அது என் குறை இல்லை.

பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட்டு, அடுப்பைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். அக்கா வந்ததும், "மாமா தூங்குறார்" என்றேன். பொய் சொல்வதாக அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம். சாவைப் பார்க்க வந்த டாக்டர், கரி முடித்த ஆளுக்குத்தான் கன்னம் அப்படிச் சிவக்கும் என்று சந்தேகப்பட்டு அதற்கு முன்பே ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டாராம், எனக்குத் தெரியாது. சனிக்கிழமை படத்தைக் கொண்டுபோனேன். டீச்சர் வெகுநேரம் பார்த்தாள். "இப்பத்தாண்ணே உயிர் வந்திருக்கு" என்றாள். சுவரின் நடுவில் மாட்டினாள். அக்கா வந்து பார்த்துவிட்டு, "இந்த மனுஷன் இவ்ளோ அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்லடா" என்று அழுதாள். நீங்களும் என்னைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றீர்கள். கவனித்தேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். அசையாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அடுப்பு என்ன செய்யும் என்று தெரியுமா என்று கேட்டால், தெரியும். அந்தப் பலகையை வரைந்தவனே நான்தானே. சட்டத்தில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்களோ, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து வைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள். சாக்குத் தொங்கவிடாமல் கண்ணாடியை மட்டும் மூடிவைத்த அந்த இன்னொரு ஜன்னலில், வெளிப்பக்கம், என் கரிக்கை பதிந்திருக்கிறது, கம்பியில் குடை கட்டின கயிறும் கிடக்கிறது, நாலு நாளும் மழையில் வெளியே உட்கார்ந்தா வரைந்தாய் என்று. ஆமாம், ஐயா. வெளியேதான், வலது ஓரமாக. உள்ளே உட்கார்ந்தால் என் நிழல் அவர் மேல் விழுந்துவிடும்.