போறமோ, வாறமோ

அந்தக் கோடையில் டென்மார்க்கின் லோலண்ட் தீவில் ஒரு பகல் சுற்றிவிட்டு, ஜெர்மனியின் புட்கார்டன் துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில் ஏறினேன். என் முன்னிருக்கையில் ஒரு தமிழ்த் தம்பதி ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாதிக் கடல் தாண்டிய பிறகுதான் மனைவி கண் விழித்தார்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் இப்ப போறமோ, வாறமோ?"

"போறம். கப்பல் இன்னும் திரும்பேல்லையே," என்றார் கணவர்.

அது திரும்பாது. முன்னும் பின்னும் ஒரே மாதிரியான கப்பல். வந்த வாக்கிலேயே பின்னால் போய்விடும்.

ஒலிபெருக்கி ஜெர்மனில் ஏதோ சொன்னது. கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புட்கார்டன் வருதாம்."

"அது நாங்கள் ஏறின இடமெல்லோ?"

"ஓம். தீவில இறங்காமலே நித்திரை கொண்டிட்டம் போல."

"அக்கா துறைமுகத்தில பாத்துக்கொண்டு நிப்பா. என்ர கலியாணத்துக்குப் பிறகு இண்டைக்குத்தானே அவவைக் காண இருந்தனான்."

அப்போது மனைவியின் கைப்பேசி அடித்தது.

"அக்கா, நாங்கள் இறங்கேல்லை... என்ன? கப்பலிலயோ? எந்தக் கப்பலில?"

கணவர் பக்கம் திரும்பினார். "எங்களைக் காணேல்லையெண்டு அக்காவும் டிக்கெட் எடுத்து இதில ஏறிட்டாவாம். கடலுக்குள்ள போன் எடுபடேல்லையாம்."

"அப்ப நாங்கள் அவவின்ர வீட்டுக்குப் போறமோ, அவ எங்கட வீட்டுக்கு வாறாவோ?"

காதில் கைப்பேசியோடு, தலை நரைத்த ஒரு பெண் படியேறி வந்துகொண்டிருந்தார். தங்கை எழுந்து ஓடினார்.

"அக்கா, இது ஜெர்மனிக்கெல்லோ போகுது."

"போகட்டும் பிள்ளை," என்று அக்கா அவர் முகத்தை இரு கைகளாலும் பிடித்தார். "நீ முதல் வெளிச்சத்துக்குத் திரும்பு, பாப்பம்."