அடித்த வரிக்குக் கீழே புள்ளி

அண்ணி: முதல்ல இந்த மழையை நிறுத்து.

கொழுந்தன்: என்ன அண்ணி?

அண்ணி: ரெண்டு பக்கமா ஊத்துது தம்பி. கதைக்குள்ள வர்றதுக்கே குடை வேணும் போலிருக்கு. "வானம் தன் கருங்கூந்தலை விரித்து அழுதது"... யாரு வீட்டுக் கூந்தல் இது?

கொழுந்தன்: ஆரம்பம் கொஞ்சம் அழகா இருக்கட்டுமேன்னு...

அண்ணி: அன்னிக்கு மழையே இல்ல. சுள்ளுன்னு வெயில்.

கொழுந்தன்: கதைதானே அண்ணி.

அண்ணி: பதினெட்டு வருஷமா இந்த மேஜையில உக்காந்து ஊரார் கதைக்கெல்லாம் பிழை திருத்தறேன். பத்து கதை வந்தா ஏழுல மழை பெய்யும். எழுத வேண்டியதை எழுதப் பயந்தவங்கதான் மழையைக் கூப்பிடுவாங்க. நீ எதுக்குப் பயந்த?

கொழுந்தன்: ...தண்ணி இருக்கா?

அண்ணி: கூஜாவுல இருக்கு. நாலு மாடியும் படியிலயா ஏறி வந்த?

கொழுந்தன்: நீங்க மட்டும் லிஃப்ட்லயா வர்றீங்க?

அண்ணி: சரி, குடி. சாப்பாட்டு மணி முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. பாப்பா எப்ப வர்றாளாம்?

கொழுந்தன்: காலேஜ் விட்டு நேரா என் கடைக்கு. நாலரைக்கு. "சித்தப்பா, அப்பா எப்படிப் போனார்னு கூட இருந்து பார்த்தது நீங்க ஒருத்தர்தான். இன்னிக்குச் சொல்லியே ஆகணும்"ங்கறா. வாயால வரல அண்ணி. அதான் கதையா எழுதிக் கையில கொடுத்திடலாம்னு.

அண்ணி: "மிஷின் கோளாறு"ன்னு பன்னெண்டு வயசுல சொன்னது பத்தொன்பது வயசுல செல்லாது. பொய் இருந்தா மூணாவது வரியிலயே மோப்பம் பிடிச்சிடுவா. உங்கண்ணன் மூக்கு அவளுக்கு.

கொழுந்தன்: அதுக்குத்தான் உங்ககிட்ட கொண்டு வந்தேன். தப்பெல்லாம் திருத்திக் கொடுத்திடுங்க.

அண்ணி: திருத்தறேன்... இந்த மேனேஜர் யாரு? பக்கத்துக்குப் பக்கம் "ஹஹ்ஹஹ்ஹா"ன்னு மீசையை முறுக்கிச் சிரிக்கிறான்?

கொழுந்தன்: இந்தக் கட்டடத்து மேனேஜர்தான். செலவுக்குப் பயந்து பழைய லிஃப்டை மாத்தாம வச்சிருந்த படுபாவி.

அண்ணி: அவருக்கு மீசையே கிடையாது. பாவம், அன்னிக்கு மயக்கம் போட்டு விழுந்து நாலு பேர் சோடா தெளிச்சாங்க. கெட்டவன் ஒருத்தன் இருந்தா கதை சுலபமா ஓடும், இல்ல? பழியை அவன் தலையில கட்டிட்டுக் கையைத் துடைச்சுக்கலாம். அடிக்கிறேன்.

கொழுந்தன்: மூணு பக்கம் போச்சு.

அண்ணி: போகட்டும். "மூத்தவன் பொறுமையின் சிகரம். கடுஞ்சொல் அறியாதவன்." இது யாரு?

கொழுந்தன்: அண்ணன்தான்.

அண்ணி: எந்த அண்ணன்? எனக்குத் தெரிஞ்சவர் சட்டைப் பொத்தான் அறுந்தா பொத்தானைத் திட்டுவார்.

கொழுந்தன்: செத்தவங்களைப் பத்தி எப்படி அண்ணி...

அண்ணி: செத்தவரைச் சாமியாக்கி மாலை போட்டுட்டா, பாப்பா யாரைத் தொட்டுப் பார்ப்பா? குறை இல்லாத மனுஷன் காகிதத்துல மூச்சு விட மாட்டான் தம்பி. இதுவும் போகட்டும். அடுத்தது... "லிஃப்ட்டின் அடிக்குழிக்குள் இறங்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தம்பியின் சட்டைப் பையில் போடுவான்"... அட, வேகத்துல இதையும் அடிச்சிட்டேன்.

கொழுந்தன்: பரவாயில்ல, அது சும்மா...

அண்ணி: இது ஒண்ணுதான்டா உயிரோட இருக்கு! இரு.

கொழுந்தன்: கீழ என்ன, புள்ளி புள்ளியா வைக்கிறீங்க?

அண்ணி: அடிச்சது தப்பு, வரி இருக்கட்டும்னு அர்த்தம். அச்சுக்குப் போறப்ப அவங்க புரிஞ்சுக்குவாங்க.

கொழுந்தன்: நல்லாருக்கே. அடிச்சது திரும்பி வருமா?

அண்ணி: காகிதத்துல வரும்.

அச்சக ஃபோர்மேன்: அம்மா, பன்னெண்டாம் பக்கம் ஆச்சா? அட, தம்பியா! லிஃப்டு வேலையை விட்டுட்டுத் தையல் மிஷின் ரிப்பேர் பண்றதாச் சொன்னாங்க. இப்ப கதையா? இந்த வியாதிக்கு மருந்து கிடையாது, பாத்துக்க.

அண்ணி: ரெண்டு மணிக்குத் தர்றேன் ஃபோர்மேன். கதவைச் சாத்திட்டுப் போங்க.

கொழுந்தன்: ...அவரும்தான் அன்னிக்குக் கீழ இருந்தார்.

அண்ணி: இந்தக் கட்டடமே இருந்துச்சு. படி. "அந்தோ"ன்னு ஆரம்பிக்குதே, அந்த இடம்.

கொழுந்தன்: "அந்தோ! மேலே மோட்டார் அறையில் சுவிட்ச் அணைந்திருந்தது. 'உள்ளே ஆள்' என்ற தகரப் பலகை அதன்மேல் தொங்கியது. ஆயினும் விதி அந்த இயந்திரத்தை இயக்கியது. லிஃப்ட் பெட்டி இறங்கியது. குழிக்குள் இருந்த மூத்தவன்..." போதும் அண்ணி.

அண்ணி: அந்தப் பலகை எதுக்கு?

கொழுந்தன்: உங்களுக்குத் தெரியாததா?

அண்ணி: பாப்பாவுக்குத் தெரியாதே. படிக்கிறவளுக்குச் சொல்லு.

கொழுந்தன்: லிஃப்டுக்கு அடியில இருக்கற குழியில இறங்கறவன் முதல்ல மேல மோட்டார் ரூமுக்கு வந்து சுவிட்சை அணைச்சு, தன் கையால பலகையை மாட்டிட்டுத்தான் இறங்கணும். வேலை முடிஞ்சு அவனே ஏறி வந்து கழட்டணும். மாட்டின கைதான் கழட்டணும். வேற கை படக்கூடாது. கரண்ட் வந்தா பெட்டி தானா அடித்தளத்துக்கு இறங்கிடும், அதான்.

அண்ணி: பலகை தொங்குது. சுவிட்ச் அணைஞ்சிருக்கு. அப்புறம் பெட்டி எப்படி இறங்குச்சு?

கொழுந்தன்: சுவிட்ச் பழசு, உள்ள ஒட்டிக்கிச்சுன்னு விசாரணையிலயே முடிச்சிட்டாங்களே.

அண்ணி: விசாரணை முடிஞ்சுது. கதை முடியலையே? விதியைச் சுவிட்ச் போட விட்டா எழுதறவன் கழண்டுக்கலாம். எல்லாரும் பண்ற தப்புதான். ஒரு காரியம் நடந்தா ஒரு கை வேணும் தம்பி.

கொழுந்தன்: அடுத்ததைப் பாருங்க அண்ணி.

அண்ணி: இன்னொண்ணு. அஞ்சாம் பக்கத்துல மூத்தவன் மனைவி படியிறங்கி ஓடி வர்றா. ஏழாம் பக்கத்துல மறுபடியும் "மூச்சிரைக்கப் படியிறங்கி" வர்றா. ஒருத்தி எத்தனை தடவை இறங்குவா?

கொழுந்தன்: எனக்கு அப்படித்தான் ஞாபகம் அண்ணி. நீங்க வந்தீங்க... அப்புறம் காணோம்... அப்புறம் மறுபடி...

அண்ணி: அழுத கண்ணுக்கு ஒண்ணு ரெண்டாத்தான் தெரியும். ஆளை எங்க விட்டோம்னு மறந்துட்டு மறுபடி கூட்டிட்டு வர்றது. ஏழாம் பக்கத்துல அடிச்சாச்சு.

கொழுந்தன்: சரி... நீங்க சொன்னாச் சரி.

அண்ணி: இப்ப இளையவனுக்கு வருவோம். எல்லாப் பக்கத்துலயும் நிக்கிறான், அழறான். அவனுக்கு என்னதான் வேணும்?

கொழுந்தன்: வேணும்னா?

அண்ணி: கதையில வர்ற ஆளுக்கு ஏதாவது வேணும். ஒரு டீயாவது. அன்னிக்குக் காலையில இளையவனுக்கு என்ன வேணும்?

கொழுந்தன்: ...மரியாதை.

அண்ணி: ம்?

கொழுந்தன்: டீக்கடை வாசல்ல, அத்தனை பேர் முன்னாடி திட்டிட்டான் அண்ணி. "பத்து வருஷமா கூடச் சுத்தறே, ஒரு வேலையை ஒழுங்கா முடிச்சதுண்டா? சுவிட்சை அணைச்சா பலகை மாட்ட மறக்கிற, மாட்டினா கழட்ட மறக்கிற"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் டீயை அப்படியே வச்சிட்டு மேல போயிட்டேன்.

அண்ணி: இதோ, இப்பத்தான் உங்கண்ணன் மூச்சு விடறார். அப்புறம்?

கொழுந்தன்: அப்புறம்... பேனாவைக் கீழ வைங்க அண்ணி.

அண்ணி: வச்சிட்டேன்.

கொழுந்தன்: அவன் மோட்டார் ரூமுக்கு வந்தான். நான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். வந்தான், போனான். ஒரு வார்த்தை இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு என் பையைத் தொட்டுப் பார்த்தேன். கடிகாரம் இல்ல.

அண்ணி: இல்லன்னா?

கொழுந்தன்: பையில கடிகாரம் இல்லன்னா ஆளு குழியில இல்ல. பத்து வருஷமா அதுதானே கணக்கு? நிமிர்ந்து பார்த்தா, காலையில மாட்டின பலகை அப்படியே தொங்குது. சந்தோஷம் வந்துச்சு அண்ணி. சத்தியமா சந்தோஷம். டீ குடிக்க வர்றப்ப இவனே கழட்ட மறந்துட்டான், என்னைச் சொல்ல வந்துட்டான் பாருன்னு... கழட்டித் தரையில வீசினேன்.

அண்ணி: கூப்பிட்டுப் பார்க்கலையா?

கொழுந்தன்: ஒரு தடவை. "அண்ணே"ன்னு ஒரே ஒரு தடவை. பதில் வரல. எப்பவும் மூணு தடவை கூப்பிடுவோம். கோவத்துல ரெண்டாவது வரல எனக்கு. சுவிட்சைப் போட்டுட்டேன்.

அண்ணி: அவருக்கும் கோவம். கேட்டும் பதில் சொல்லாம இருந்திருப்பார்.

கொழுந்தன்: அதைத்தான் ஏழு வருஷமா... கேட்டிருப்பானா, கேட்கலையா... கடிகாரத்தை அன்னிக்கு என் பையில போடாம எனக்குப் பின்னாடி ஸ்டூல் மேல வச்சிட்டுப் போயிருக்கான். சத்தம் கேட்டுச் சுவிட்சை மறுபடி அணைச்சிட்டுத் திரும்பினப்பதான் பார்த்தேன். டிக் டிக்குனு ஓடிக்கிட்டிருந்துச்சு.

அண்ணி: முகத்தைத் துடை.

கொழுந்தன்: ஜெயிலுக்குப் போயிருக்கணும் அண்ணி நான். சொல்லிடலாம்னுதான் இன்ஸ்பெக்டரோட மேல ஏறினேன். போய்ப் பார்த்தா பலகை சுவிட்ச் மேல தொங்குது! நானே வீசின பலகை! எனக்குப் பைத்தியமோன்னு இருந்துச்சு. வாய் அடைச்சுப் போச்சு. இன்னிக்கும் அந்த இடம் வந்தா எழுத்து நிக்குது. அதான் விதி கிதின்னு என்னத்தையோ எழுதினேன். பாப்பா அதைத்தான் முதல்ல கேட்பா. பலகையை மறுபடி மாட்டினது யாரு?

அண்ணி: கடிகாரம் இப்ப யார் கையில?

கொழுந்தன்: பாப்பா கட்டியிருக்கா. நீங்கதானே கொடுத்தீங்க. போலீஸ்காரங்க உங்ககிட்ட கொடுத்ததா...

அண்ணி: அப்படின்னு யார் சொன்னாங்க?

கொழுந்தன்: யாரும்... நானாத்தான் நினைச்சேன்... அண்ணி?

அண்ணி: கீழ நீ அவர் மேல விழுந்து தலையில அடிச்சுக்கிட்டிருந்த. "நான்தான்ணே, நான்தான்ணே"ன்னு. அழுகைச் சத்தத்துல யாருக்கும் கேட்கல. எனக்குக் கேட்டுச்சு. அத்தைக்கு இருந்தது ரெண்டு பிள்ளை. ஒண்ணு கண்ணு முன்னாடி கிடந்துச்சு. ரெண்டையும் ஒரே நாள்ல கொடுத்துட்டு அந்தம்மா எப்படி இருப்பாங்க?

கொழுந்தன்: அம்மாவுக்காகவா...

அண்ணி: அதான் அவங்க இருந்த வரைக்கும் வாயைத் திறக்கல. அவங்களும் போயி வருஷமாச்சு. உன்னை மட்டும் உண்மையை எழுது, எழுதுன்னு வாட்டிட்டு, என் பங்கை நானே அடிச்சு வச்சிருந்தேன் பாரு.

கொழுந்தன்: இனி பாப்பா என்னைச் சித்தப்பான்னு கூப்பிடுவாளா அண்ணி?

அண்ணி: தெரியாது. என்னை அம்மான்னு கூப்பிடுவாளான்னும் தெரியாது. நாலரைக்கு நானும் கடைக்கு வர்றேன். அந்த ஏழாம் பக்கத்தைக் கொடு... பேனாவையும். இந்தா, புள்ளி வச்சிட்டேன், வரி இருக்கட்டும். அவ ரெண்டு தடவைதான் இறங்கி வந்தா தம்பி. நடுவுல அஞ்சு மாடி ஏறி, தரையில கிடந்த பலகையை மாட்டிட்டு, ஸ்டூல் மேல ஓடிக்கிட்டிருந்த கடிகாரத்தை எடுத்துட்டு வந்தா.