செடல் காயத்தில் சேருமா?

டெட்டால் வாடையும் வேப்பிலை வாடையும் சேர்ந்து அடித்தால், எண்பதுகளில் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு காலைப் பேருந்து இன்னமும் எனக்குள் குலுங்கி ஓடுகிறது. முன் இருக்கையில் ஓர் அண்ணியும் நாத்தனாரும். அண்ணியின் கணவர் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

"நுரையீரல்ல ரத்தம் கட்டிக்கிச்சாம். கரைக்கிறதுக்கு இன்னிக்கு மருந்து ஏத்துறாங்க. இல்லன்னா தொடை வழியா கொழா வுட்டு உறிஞ்சணும், அதுக்கு மெட்ராசுதான் போவணுமாம்."

"சாக்கடை அடைச்சா ஆசிட்டு ஊத்துறதா, கம்பி வுட்டுக் குத்துறதான்ற மாதிரியா, அண்ணி?"

"அதேதான். ஆனா புண்ணு இருந்தா, மருந்து ஏறுனதும் ரத்தம் நிக்காதாம். காயம் எதனா இருக்கான்னு டாக்டரு கேட்டாரு. இல்லன்னுட்டேன்."

"முந்தாநாளு ஆத்தா கோயில்ல அண்ணன் முதுகுல செடல் குத்தி, கொக்கியில தேரு கட்டி இழுத்துச்சே!"

"வேண்டுதலப் போயி யாராவது காயம்னு சொல்லுவாங்களா? ஒரு சொட்டு ரத்தம் வரலடி."

"ஆத்தாவுக்கு வரல. மருந்துக்கு வருமே."

பேருந்து நின்றது. அண்ணி சாப்பாட்டுக் கூடையோடு எழுந்து, படியருகே தயங்கினாள்.

"காயம்னு சொன்னா ஆத்தா கோச்சிக்குமேடி."

"கூடைய இப்படிக் குடு. ஆத்தாவ நான் பாத்துக்கிறேன். மருந்து ஏத்துறதுக்குள்ள நீ ஓடு, அண்ணி!"