மேல் வீட்டுக்குப் போகும் சுடுதண்ணீர்

குபாத்: ...டீயெல்லாம் அப்புறம் தங்கச்சி. யாரும் குளிக்காத வீட்டுல ஹீட்டர் எதுக்கு ஓடுது, அதைச் சொல்லு.

அனார்கான்: ஓடுதா?

குபாத்: சிவப்பு லைட் எரியுதே. ஒரு தடவை சூடேறினா அணைஞ்சிரணும். எண்பது லிட்டர், ஒரு நாள் முழுக்கத் தாங்கும். யாராவது தண்ணி எடுத்தாத்தான் திரும்ப ஓடும்.

அனார்கான்: நான் தனி ஆள். காலையில இருந்து ஒரு கிண்ணம்கூடக் கழுவல.

குபாத்: அதான் கேக்கறேன். தண்ணி யாரு எடுக்கறா?

அனார்கான்: பிளம்பர் நீங்க. என்னைக் கேட்டா?

குபாத்: தள்ளு, குழாயைப் பாக்கறேன்... ஏம்மா, இந்த வால்வைத் திறந்தே போட்டிருக்கியே. ஜூலை ஆனா நாங்களும் வாசக்கதவுல நோட்டீஸ் ஒட்டறோம், எவன் படிக்கிறான். ஊர்க் குழாய்ல வர்ற சுடுதண்ணியைப் பழுது பாக்க நிறுத்தற மாசம் ஹீட்டர் போட்டா இதை மூடணும். இல்லாட்டி நீ காயவைக்கற தண்ணி கட்டடம் பூரா போகும்.

அனார்கான்: போகட்டுமே. கீழ் வீட்டுப் பிள்ளைங்க குளிச்சிட்டுப் போகுது.

குபாத்: கீழ எல்லா வீட்டையும் பாத்துட்டுத்தான் வர்றேன். அத்தனை வால்வும் மூடியிருக்கு. தொட்டுப் பாரு... கீழ போற குழாய் ஜில்லுனு இருக்கு. மேல போறது சுடுது.

அனார்கான்: டீ ஆறுது அண்ணே, குடிச்சிட்டுப் பாருங்க.

குபாத்: மேல ஒரே வீடுதானே? சூரோன்பாய் வீடு.

அனார்கான்: ஆமா.

குபாத்: அவர் போன வருஷ ஜூலையிலயே போயிட்டாரே. வீட்டுக்கு எங்க ஆபீஸ்ல சீல் வச்சாச்சு.

அனார்கான்: எப்படிப் போனார்னு ஞாபகம் இருக்கா அண்ணே? தலையில சோப்போட. ப்ளக்கைப் பிடுங்காம ஹீட்டரடியில நின்னார். எர்த் இல்லாத கட்டடம்... தண்ணியிலயே கரண்ட் இறங்கிருச்சு.

குபாத்: அந்த ஹீட்டரைக் கழட்டி இறக்கினதே நான்தான். இப்போ மேல ஹீட்டரும் கிடையாது, கரண்டும் கிடையாது.

அனார்கான்: அதான் என்கிட்ட எடுத்துக்கறார்.

குபாத்: யாரு?

அனார்கான்: பாதிக் குளியல்ல போன மனுஷன். மிச்சத்தைக் குளிக்க வேணாமா?

குபாத்: விளையாடாத.

அனார்கான்: நடக்கற சத்தம் கேக்கும். வெறுங்கால். ஒரு காலை ஊனி, இன்னொரு காலை இழுத்து... ஊனி, இழுத்து... பட்டப்பகல்ல அண்ணே. குளியலறை வரைக்கும் வரும். அப்புறம் நின்னுரும்.

குபாத்: போதும்... அடுப்படியில என்ன எண்ணெய் வாசனை?

அனார்கான்: அவருக்குத்தான் மாவு பொரிச்சேன்.

குபாத்: செத்தவங்களுக்கு எண்ணெய் காயவைக்கறது வியாழக்கிழமைல்ல? இன்னிக்கு செவ்வாய்.

அனார்கான்: பசிக்குக் கிழமை தெரியுமா. தட்டை மேல் படியில வச்சிட்டு வருவேன். திரும்பிப் போனா காலியா இருக்கும்.

குபாத்: எனக்கு மயிர்க்கூச்செடுக்குது, பேச்சை மாத்து... தெருவுல அந்த வெள்ளைக் கார் மூணு நாளா சுத்துதே, பாத்தியா?

அனார்கான்: எந்தக் கார்?

குபாத்: காலேஜ் போயிட்டிருந்த பொண்ணை வழியில மறிச்சுத் தூக்கிட்டு வந்தாங்களாம், கல்யாணம் பண்ண. சிர்கான்னு பேரு. கிழவிங்க வெள்ளை முக்காட்டைத் தலையில போட்டுட்டா கல்யாணம் முடிஞ்ச மாதிரி, அதுக்குள்ள சன்னல்ல குதிச்சிட்டாளாம். இந்தப் பக்கம்தான் ஓடி வந்திருக்கா.

அனார்கான்: கிடைச்சா என்ன பண்ணுவாங்க?

குபாத்: திரும்பக் கொண்டு போவாங்க. இந்தத் தடவை சன்னலுக்கு ஆணி அடிச்சிருப்பாங்க.

அனார்கான்: பாவிங்க.

குபாத்: சரி, இந்த வால்வை மூடிட்டுக் கிளம்பறேன். துரு ஏறிக் கிடக்கு... ஸ்பானரால ரெண்டு தட்டு தட்டினா இளகிரும்.

அனார்கான்: தட்டாதீங்க அண்ணே, குழாயில தட்டாதீங்க...

குபாத்: தட்டியாச்சே, ஏன்?... இரு. மேல தண்ணி விழுது. உனக்குக் கேக்குதா? யாரோ குழாயைத் திறந்த மாதிரி...

அனார்கான்: வழி விடுங்க. ப்ளக் மாட்டியிருக்கு... ப்ளக் இன்னும் மாட்டியிருக்கு, தள்ளுங்க...

குபாத்: ஈரக் கையால தொடாத. நான் பிடுங்கறேன்... ஆச்சு. லைட் அணைஞ்சிருச்சு, பாரு.

அனார்கான்: அப்பாடா... என் உசுரே போயிருச்சு.

குபாத்: தங்கச்சி.

அனார்கான்: ம்.

குபாத்: செத்தவருக்கு ரெண்டாந்தடவை ஷாக் அடிக்குமா?

அனார்கான்: என்ன கேக்கறீங்க அண்ணே?

குபாத்: தண்ணி சூடானதும் ப்ளக்கைப் பிடுங்குவ. அப்புறம் குழாயில ரெண்டு தட்டு. இனி பயமில்ல, தண்ணி எடுத்துக்கோன்னு அர்த்தம். அப்படித்தானே?

அனார்கான்: அண்ணே, உங்க கால்ல விழறேன். குதிச்சதுல முட்டி வீங்கி, பூசணி மாதிரி கிடக்கு. சுடுதண்ணி ஊத்தினாத்தான் கொஞ்சம் கண்ணை மூடறா. பத்தொம்பது வயசு. வெளிய சொல்லிடாதீங்க.

குபாத்: சீல் காகிதத்தைப் பிரிச்சுத் திரும்ப ஒட்டினது நீதானே? மாவுப் பசை. ஆபீஸ்ல நாங்க கோந்துதான் தடவுவோம். மேல போய்ப் பாத்துட்டுத்தான் உன் கதவைத் தட்டினேன்.

அனார்கான்: எல்லாம் தெரிஞ்சேவா இவ்வளவு நேரம் பேய்க்கதை கேட்டீங்க?

குபாத்: அந்தக் கால் இழுக்கற இடத்துல எனக்கே வேர்த்திருச்சு. அதையே தெரு பூரா சொல்லி வை, ஒருத்தன் மாடி ஏற மாட்டான். நாளைக்குக் காலையில குழாய் ஏத்தற வேன் பின்வாசல்ல நிக்கும். பழைய கம்பளி இருந்தா போத்தி இறக்கிட்டு வா. நாரின் ஊர்ல அவ அம்மா வீட்டுல விட்டுட்டு வர்றேன்.

அனார்கான்: உங்களை எப்படி நம்பறது? அந்தக் கார்க்காரன் அனுப்பி நீங்க வந்திருந்தா?

குபாத்: அவன் அனுப்பித்தான் வந்தேன். என் மகன்தான் அவன். ஹீட்டர் பாக்கற சாக்குல வீடு வீடாத் தேடுங்கன்னான்... அவனுக்கு முன்னாடி கண்டுபிடிச்சு ஊருக்கு அனுப்பி வைங்கன்னு சொன்னது அவன் அம்மா. அவளையும் நான் இப்படித்தான் தூக்கிட்டு வந்தேன் தங்கச்சி. இருபத்தேழு வருஷத்துல அவ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்.