பாய்லர் வெடித்த புதன்கிழமை

ஓடுகிறேன். கண் தெரியவில்லை. எங்கும் வெள்ளை. இது புகை இல்லை. நீராவி. வாயைத் திறந்தால் நாக்கு வேகிறது.

என் கையில் மேரியின் கை இருக்கிறது. மேரி புஷ்பம். ஆறு வருடமாக என்னோடு ஒரே மேசையில் பனியன் செக்கிங் பார்த்தவள். சாத்தான்குளத்துக்காரி. எனக்கும் அந்தப் பக்கம்தான்.

"ஏட்டி இசக்கி! கைய விட்டுராதட்டி!"

நான் விடவில்லை.

பின்பக்க கிரில் கேட்டுக்கு ஓடுகிறோம். பதினைந்தடி தூரம்தான். எங்களுக்கு முன்னால் முப்பது பேர். எல்லோரும் பெண்கள். முதலில் போய்ச் சேர்ந்தவள் பனியனில் நூல் பிசிர் வெட்டும் கவிதா. வயது பத்தொன்பது. அவள் குரல் கேட்கிறது.

"பூட்டியிருக்கு! தள்ளாதீங்க! பூட்டியிருக்கு!"

பின்னால் வருகிறவர்களுக்கு அது கேட்கவில்லை. தள்ளுகிறார்கள். நானும் தள்ளினேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். நானும் தள்ளினேன்.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி. பெயரைச் சொல்லக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கார்த்திகை மாதம். காலை டீ குடித்துவிட்டு உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

முதலில் ஒரு சின்னச் சத்தம். தகரத்தில் யாரோ விரலால் சுண்டியது போல. இரண்டு முறை. அப்புறம் பெரிய சத்தம். அதை நான் காதால் கேட்கவில்லை. நெஞ்சில்தான் கேட்டேன். மேசை எழும்பியது. டியூப்லைட்டுகள் ஒரே நேரத்தில் உடைந்து கொட்டின. அதன் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. காதுக்குள் ஒரு விசில் மட்டும். அந்த விசில் இன்றைக்கும் இடது காதில் இருக்கிறது.

பாய்லர் கொட்டகை அயர்ன் செக்‌ஷனை ஒட்டி இருந்தது. அயர்ன் மேசைகளுக்கு நீராவி அங்கிருந்துதான் வரும். அயர்ன் செக்‌ஷனுக்கு அடுத்தது எங்கள் செக்கிங் அறை. முன்வாசலுக்குப் போக வேண்டுமென்றால் அயர்ன் செக்‌ஷனைத் தாண்ட வேண்டும். அங்கே இப்போது கொதிநீராவி. மிச்சம் இருந்த வழி பின்பக்க கேட். அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பண்டல் பனியன் காணாமல் போனது. அன்றிலிருந்து அந்தக் கேட்டுக்குப் பூட்டு. சாவி முன்வாசலில், வாட்ச்மேன் மாரப்பனிடம்.

யாரோ என் முடியைப் பிடித்து இழுக்கிறார்கள். திரும்பினேன். ராகேஷ். அயர்ன் செக்‌ஷன் பையன். பீகார்க்காரன். சட்டை இல்லை. சட்டை என்று நான் நினைத்தது அவன் தோல். தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"தீதி! இதர்! இதர்!" அக்கா, இந்தப் பக்கம் என்கிறான்.

சுவரில் ஒரு ஓட்டை. வெடிப்பில் விழுந்தது. ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவு. அவன் என்னை அதற்குள் தள்ளுகிறான். மேரியின் கை நழுவியது. ஈரமாக இருந்தது. வேர்வையா, நீராவியா, தெரியாது. விட்டது நானா, அவளா. அதுவும் தெரியாது.

தரையெல்லாம் கொதிநீர். கையை ஊன்றினால்தான் தவழ முடியும். ஊன்றினேன்.

எனக்குப் பின்னால் நான்கு பெண்களை அவன் அந்த ஓட்டை வழியாகத் தள்ளினான். அப்புறம் "சுனில்! சுனில்!" என்று கத்திக்கொண்டே நீராவிக்குள் திரும்பிப் போனான். சுனில் அவன் சித்தப்பா மகன். பக்கத்து மேசையில் அயர்ன் போடுகிறவன். சுவர் அவன் மேல்தான் விழுந்திருந்தது. ராகேஷுக்கு அது தெரியாது.

வெளியே வெயில். பளிச்சென்ற வெயில். ரோட்டில் பஸ் போகிறது. எனக்கு அது புரியவே இல்லை.

வாட்ச்மேன் மாரப்பன் ஓடி வருகிறார். அறுபத்தைந்து வயது. மூட்டுவலிக்காரர். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கையில் சாவிக்கொத்து. "தள்ளுங்க! தள்ளுங்க! சாவி இருக்குது!" என்று கத்திக்கொண்டே வருகிறார். பாய்லரின் இரும்புப் புகைபோக்கி சாய்ந்து நிற்கிறது. இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்று அறுந்துவிட்டது. இரண்டாவது கம்பி அறுகிற சத்தம். டொய்ங். நான் கத்தினேன். "அய்யா! மேல பாருங்க!" அவர் பார்க்கவில்லை. கேட்டைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினார்.

புகைபோக்கி விழுந்தது.

அவர் கையிலிருந்து சாவியை எடுத்தது பாய்லர்காரர் ரங்கசாமி. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆபீஸ் பக்கமிருந்து ஓடி வந்தார். மாரப்பனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சாவியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். நான்கு சாவி போட்டுப் பார்த்தார். ஐந்தாவதில் திறந்தது. ஆனால் கேட் உள்பக்கம் திறக்கிற கேட். உள்ளே ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராக. மேலும் ஏழெட்டு நிமிடம் போனது.

மேரியை வெளியே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. முகம் கருநீலம். கேட் கம்பியின் தடம் கன்னத்தில். பக்கத்தில் கவிதா. அவளுக்கும் தீக்காயம் இல்லை.

ரங்கசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

குன்னத்தூர்க்காரர். ஐம்பத்திரண்டு வயது. வானம் பார்த்த பூமி கொஞ்சம் உண்டு. மழை பொய்த்து இந்த வேலைக்கு வந்தவர். எங்களைப் போன்ற செக்கிங் பெண்களையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். என் மேசை கம்பி போட்ட ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே பாய்லர் கொட்டகை. அவர் பேசுவது எனக்குக் கேட்கும். நான் கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

பாய்லரில் சேப்டி வால்வு என்று ஒன்று உண்டு. அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும். அது பழசாகி எப்போதும் கசிந்துகொண்டே இருந்தது. உஸ்ஸ் என்று நாள் முழுக்கச் சத்தம். கசிந்ததால் அயர்ன் மேசைக்கு நீராவி போதவில்லை. வெடிப்பதற்கு முந்தின வாரம் ரங்கசாமி நெருப்பை அணைத்துவிட்டு, வால்வை மாற்ற வேண்டும் என்றார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். திங்கட்கிழமை சாயந்திரம் ஒரு பிட்டர் வந்தான். வால்வின் திருகாணியை அடிவரைக்கும் இறுக்கினான்.

"இது தாங்காதுங்க சார். வெடிச்சுப்போடுமுங்க." இது ரங்கசாமி.

"வியாழக்கிழமை கன்டெய்னர் வருது. அது வரைக்கும் ஓட்டு. அப்புறம் பார்க்கலாம்." இது மேனேஜர்.

உஸ்ஸ் நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை முழுவதும் அந்தச் சத்தம் இல்லை. மேரிகூடச் சொன்னாள். "இன்னைக்குத்தான்ட்டி நீ பேசுறது காதுல விழுது."

புதன்கிழமை டீ முடிந்ததும் ரங்கசாமி என் ஜன்னலைத் தாண்டிப் போனார். நின்றார். முகமெல்லாம் கரி.

"அம்மிணி, மீட்டரு முள்ளு செவப்பத் தாண்டிப்போச்சுங்க. நெருப்ப வெளிய இழுத்துப் போட்டுட்டனுங்க. அப்பவும் எறங்க மாட்டேங்குது. சார்கிட்டச் சொல்லிப்போட்டு வந்தர்றனுங்க."

நான் தலையாட்டினேன். கையிலிருந்த பனியனில் ஒரு தையல் விட்டிருந்தது. அதற்கு ஸ்டிக்கர் ஒட்டினேன். முள் என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எழுந்து ஓடுங்கள் என்று அவரும் சொல்லவில்லை. முந்தின வாரம் வேலையை நிறுத்தியதற்குத் திட்டு வாங்கியவர். இந்த முறை கேட்டுக்கொண்டு ஆட்களை வெளியே அனுப்பலாம் என்று போனார். ஆபீஸ் வாசலில் அவர் நின்றிருந்தபோது வெடித்தது. அதனால்தான் பிழைத்தார்.

வியாழக்கிழமை. அரசு ஆஸ்பத்திரி. இரண்டு கையிலும் கட்டு. மேனேஜர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அம்மிணி, ரங்கசாமி குடிச்சுப்போட்டு பாய்லர அப்படியே உட்டுட்டுப் போயிட்டானுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீங்க புதுசா எதையும் இழுத்து உட்டுறாதீங்க. உங்க ஊட்டுக்காரரு நம்ம இன்னொரு யூனிட்லதானுங்களே இருக்காரு? நீங்க இருக்கற லைன் வீடும் முதலாளியோட மச்சானுதுதானுங்களே?"

அரை மணி நேரம் கழித்துப் போலீஸ் வந்து வாக்குமூலம் கேட்டது. பாய்லர்காரர் எங்கே இருந்தார்? "தெரியல சார்." உன்னிடம் ஏதாவது சொன்னாரா? "தெரியல சார்." கையில் கட்டு. கையெழுத்துப் போட முடியாத நிலை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் வரிசைக் கட்டிலில் ராகேஷ் கிடந்தான். கொசுவலைக்குள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நர்ஸ் ஓடிய சத்தம் கேட்டது. அப்புறம் திரும்பி மெதுவாக நடந்துபோன சத்தம்.

ரங்கசாமியைக் கைது செய்தார்கள். ஒரு மாதம் கழித்து ஜாமீனில் வந்தார். வந்த மறுநாள் மத்தியானம் என் வீட்டு வாசலில் நின்றார். ஒரு சுற்று இளைத்திருந்தார்.

"அம்மிணி, ஜன்னல்கிட்ட நின்னு உங்ககிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்களே போனேன். ஞாபகம் இருக்குதுங்களா? ஊர்ல எல்லாரும் அஞ்சு பேரக் கொன்னவன்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

என் பின்னால் என் வீட்டுக்காரர் நின்றார். அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல அண்ணே."

ரங்கசாமி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "செரிங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நான்காம் நாள் காலை அவர் தோட்டத்துக் கிணற்றிலிருந்து அவரை எடுத்தார்கள். குடும்பப் பிரச்சினை என்று போலீசில் எழுதினார்கள். அவர் குடும்பத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. மனைவி அன்றைக்குக் காலையில் அவருக்கு ராகிக் களி கிண்டி வைத்திருந்தாள்.

நான் துக்கத்துக்குப் போனேன். யார் என்று அந்த அம்மா கேட்டாள். கூட வேலை பார்த்தவள் என்றேன். அவள் என் கைத் தழும்புகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தச் சொம்பை என்னால் பிடிக்க முடியவில்லை. அவளே பிடித்துக்கொண்டு என்னைக் குடிக்க வைத்தாள். "எங்க ஊட்டுக்காரரு குடிக்கவே மாட்டாருங்க. காபிகூடக் குடிக்க மாட்டாருங்க" என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். வருகிற எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாளைக்கு, பாய்லர் வெடித்ததை விசாரிக்கிற சர்க்கார் ஆபீசுக்குப் போகிறேன். வேலை போகும். வீடு போகும். "நானும் வாரேன்" என்றார்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். முதல் வாக்குமூலத்தைப் படித்தார். தெரியாது என்று சொன்னீர்களே என்று கேட்டார்.

"பயம் மேடம்."

இப்போது பயம் இல்லையா?

"இருக்கு மேடம். எழுதிக்கிடுங்க."

ஒன்றேகால் மணி நேரம் சொன்னேன். திருகாணி. கன்டெய்னர். உஸ்ஸ் நின்றது. ஜன்னல். முள். பூட்டு. யார் சாவியை எடுத்தார், யார் கேட்டைத் திறந்தார். என் வீட்டு வாசலில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். விரல் மடங்கவில்லை. இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்துப் போட்டேன்.

ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்தோம். வேலையும் போனது. பிறகு பிட்டரும் உண்மையைச் சொன்னான். மேனேஜரைப் பிடித்தார்கள். இப்போது வெளியே இருக்கிறார். வழக்கு நடக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் போகிறேன். அதே வார்த்தைகளைச் சொல்கிறேன்.

காகிதத்தில் இறந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே காரணம் போட்டிருக்கிறார்கள். பாய்லர் விபத்து. அது அப்படி இல்லை. அவர்கள் ஒரே மாதிரி சாகவில்லை.

சுனில், இருபத்தொரு வயது. சுவர் விழுந்து செத்தான். அயர்ன் செக்‌ஷனை பாய்லரை ஒட்டிக் கட்டியதால் செத்தான். ராகேஷ், இருபத்து நான்கு. வெந்து செத்தான். ஐந்து பெண்களை வெளியே தள்ளிவிட்டு ஆறாவதாகத் தம்பியைத் தேடிப் போனதால் செத்தான். மாரப்பன், அறுபத்தைந்து. புகைபோக்கி விழுந்து. பூட்டாத கேட்டாக இருந்தால் அவர் ஓடி வந்திருக்கவே வேண்டாம். கவிதா, பத்தொன்பது. முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்ததால் செத்தாள். மேரி புஷ்பம், நாற்பத்தொன்று. மூச்சு முட்டி. தள்ளியவர்களில் நானும் ஒருத்தி.

ரங்கசாமி, ஐம்பத்திரண்டு. அவர் பெயர் அந்தக் காகிதத்தில் இல்லை. அவர் செத்தது நான் தெரியாது என்று சொன்னதால்.

என் இடது காது போனது. பத்து விரல்களில் ஆறு மடங்காது.

ஆறு பேர்.