கண்ணாடி மாத்தக் குடுத்த வாட்ச்

டீயெல்லாம் வேண்டாமுங்க மொதலாளி, இப்பத்தான் கீழ கேன்டீன்ல குடிச்சனுங்க. ஷிப்மெண்ட் நேரத்துல வந்து உக்காந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. சித்தெ நேரம் கேட்டாப் போதும். ஃபோன்ல சொல்ற நாயம் இல்லீங்க இது. ஒரு அம்மா வாட்ச் விசயம். அவிங்க மக கல்யாணத்துக்குள்ள அது ஓடியாகோணும், இல்லாட்டி நான் மனுசனே இல்லை.

ராமுத்தாய்னு பேருங்க. பல்லடத்துல இருந்து பஸ்ல வந்து இங்க பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறாங்க. இல்லீங்க, உங்க கம்பெனியில இல்லை, வேற கம்பெனி. அவிங்க ஊட்டுக்காரரு தறி ஓட்டுனவரு. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு, என்ற கடைக்கு வந்து ஒரு எச்.எம்.டி குடுத்தாரு. ஆட்டோமேட்டிக். கண்ணாடி கீறிப்போச்சு பாய், மாத்தி வெய்யுங்க, வாரக்கடைசில வாறேன்னாரு. மிசின் தங்கமா ஓடுச்சுங்க, கண்ணாடி மட்டுந்தான் மாத்தோணும். பின்மூடியத் தொறந்து உள்பக்கம் ஊசியில தேதியைக் கீறி வெச்சேன். வாட்ச் வேலை செய்யறவங்க எல்லாருமே அப்பிடித்தானுங்க, எது எப்பக் கைக்கு வந்துச்சுன்னு தெரியோணுமில்ல.

மனுசன் வரவே இல்லை. தறிக்கிட்டயே நெஞ்சப் புடிச்சுட்டு விழுந்துட்டாருன்னு எனக்கென்னங்க தெரியும்?

யாரும் வாங்காத வாட்ச்சைப் போட்டு வெக்க ஒரு பிஸ்கெட் டப்பா வெச்சிருக்கேன். ரெண்டு வருசம் அதுல கைய வெக்கக்கூடாது. அதுக்கு மேல ஆனா பார்ட்ஸுக்குக் கழட்டிக்கலாம். இது எங்க தொழில்ல ஒரு பேச்சு. நான் ஒன்றரை வருசத்துலயே கைய வெச்சுட்டனுங்க.

ஒரு பெரிய மனுசர் அதே மாடல் வாட்ச்சோட வந்தாரு. கீழ போட்டு பேலன்ஸ் வீலோட அச்சு முறிஞ்சு போச்சு. தலைமுடி கனந்தான் அந்த அச்சு, ஆனா அது போனா எல்லாம் போச்சு. அவசரம்னாரு. வாட்ச் பாய் கைக்குப் போனா செத்த வாட்ச்சும் எந்திரிச்சு ஓடும்னு நாலு பேரு முன்னால வேற சொல்லிப்போட்டாரு. அந்தப் பேச்சுல மயங்கிட்டேன், அதான் நெசம். டப்பாவத் தொறந்து நல்ல வீலைக் கழட்டி அவரு வாட்ச்சுல மாட்டிக் குடுத்தேன். பெங்களூர்ல இருந்து புதுசா வந்துச்சுன்னு வாய் கூசாமப் பொய்யும் சொன்னேன்.

ரெண்டு வருசம் முடிய ரெண்டு மாசம் இருக்கறப்ப அந்தம்மா, நான் அவருக்கு எழுதிக் குடுத்த சீட்டோட வந்து நிக்கறாங்க. ரேசன் கார்டு கவருக்குள்ள கெடந்துச்சாம். மக கலைமகளுக்குக் கல்யாணம், மாப்ளை கையில அவிங்கப்பா வாட்ச்சைத்தான் கட்டோணும்னு ஒரே புடியா நிக்கறாங்க. புதுசு நான் வாங்கித் தாறேம்மான்னேன். வேண்டாம் பாய், அவரு இல்லாத கொறைக்கு அந்த வாட்ச்சாவது சபையில இருக்கட்டும்ங்கறாங்க.  பார்ட்ஸ் வரோணும், அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்கன்னு அனுப்பிப்போட்டேன்.

பதினாறு ஞாயித்துக்கெழமை ஆச்சுங்க. வந்து ஸ்டூல்ல உக்காந்துக்குவாங்க. நான் கண்ணுல லென்சை மாட்டிட்டு, முன்னால ஒண்ணுமே இல்லாம குனிஞ்சுட்டு இருப்பேன். திட்டுனாக்கூடத் தேவுலீங்க. நெலக்கடலை வறுத்துக் கொண்டாந்து, சாப்புடுங்க பாய், எந்நேரமும் குனிஞ்சே இருக்கீங்கங்கறாங்க. வாங்கி ஓரமா வெச்சுருவேன். ஒருக்கா கடையச் சாத்திட்டு ஊட்லயே படுத்துக்கிட்டேன். திங்கக்கெழமை லீவு போட்டுட்டு வந்துட்டாங்க. இப்ப ரோட்டுல அவிங்க கட்டற மாதிரி பச்சைச் சேலை போனாலே பாதிக் கதவைச் சாத்திக்கறேன். பொறியில மாட்டுன எலியாட்டம் அந்த நாலடிக் கடைக்குள்ள கெடக்கறனுங்க.

தேடாம இருப்பனுங்களா? சாவி குடுக்கற எச்.எம்.டின்னா பார்ட்ஸ் சுளுவாக் கெடைக்கும், ஆட்டோமேட்டிக்குக்கு நாயா அலையோணும். கோயமுத்தூர் உக்கடம் போனேன், பெங்களூர் போனேன். வாட்சப் குரூப்ல பாத்து பம்பாயில இருந்து அஞ்சு செத்த வாட்ச் தருவிச்சேன். அஞ்சுலயும் அதே அச்சுதானுங்க முறிஞ்சிருக்குது! மடத்துக்குளத்துல நாச்சிமுத்துன்னு பழைய வாட்ச் சேத்து வெக்கறவரு ஒருத்தரு இருக்காரு. அதே மாடலைக் கண்ணுல காட்டுனாரு, கையில குடுக்க மாட்டேனுட்டாரு.

லேத்துல கடையலாமேங்கறீங்களா? நாலு கடைஞ்சனுங்க. நாலும் மாட்டறப்ப ஒடிஞ்சுது. கை முன்ன மாதிரி நிக்கறதில்லை. பேட்டரி மிசினை உள்ள வெச்சுக் குடுத்துருங்க, யாருக்குத் தெரியப்போகுதுன்னு என்ற ஊட்டுக்காரி அஜீஸுன்னிசா சொல்றா. அந்தம்மா காதுல வெச்சுக் கேப்பாங்களேங்க. இருவது வருசம் பக்கத்துல படுத்துக் கேட்ட சத்தம், அவிங்கள ஏமாத்த முடியுங்களா?

உண்மையச் சொல்லிர்லாம், ஆமாங்க. போன வாரம் வாயத் தொறந்தேன். அப்பப் பாத்து, நீங்க இருக்கறதால எனக்கு வெசனமில்லை பாய்னுட்டாங்க. மூடிக்கிட்டேன்.

என்னங்க சொன்னீங்க? அந்தப் பெரிய மனுசர்கிட்டப் போயித் திருப்பிக் கேக்கறதா? குடுப்பாருங்கறீங்களா? ஒரு பொண்ணு கல்யாணம்னா, நெஞ்சுல ஈரம் இருக்கறவன் குடுக்காம இருப்பானாங்கறீங்க. அல்லா, உங்க வாயிலயே வந்துருச்சு. நானும் அப்பிடித்தான் நெனச்சு, மூணு நாளா உங்க கேட்டு வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனனுங்க.

ஆமாங்க மொதலாளி. நீங்கதான். கம்பெனி வெள்ளி விழாவுக்கு உங்கப்பா வாட்ச்சைக் கட்டிட்டு மேடையேறுனீங்களே, அதுக்குள்ள ஓடறது ராமுத்தாய் ஊட்டுக்காரரோட வீலுங்க. அதை எடுத்தா உங்கப்பா வாட்ச் நின்னு போயிரும், இதுல பொய் சொல்ல மாட்டேன். எத்தனை வருசமானாலும் உங்களுக்கு வேற தேடித் தாறேன். கல்யாணம் நாளைக்கழிச்சுக் காலையில, சிவன்மலையில. ஆயுதமெல்லாம் பையிலயே இருக்குது, பத்து நிமிச வேலைதான். இப்பவும் அதைத்தான் கையில கட்டியிருக்கீங்க, கொஞ்சம் கழட்டிக் குடுங்க.

மொதலாளி, ஏனுங்க, வாட்ச் கட்டுன கைய எதுக்குங்க மேசைக்குக் கீழ கொண்டு போறீங்க?